வாட்டை விடுங்கள், லூமனைப் பாருங்கள்: மும்பை வீடுகளுக்கு எல்இடி விளக்கு

தாராவியின் உள்சந்துகளில் மத்தியான வேளையிலும் வீட்டுக்குள் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். இரண்டு பக்கமும் மாடி எடுத்துக் கட்டிய வீடுகள், நடுவே ஆள் ஒதுங்கிப் போகிற அளவுக்கு வழி. வெயில் தரைவரை இறங்க இடமில்லை. சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில் பக்கத்து சால்களிலும், அதாவது பொது நடையை ஒட்டி வரிசையாக அறைகள் கொண்ட பழைய கட்டடங்களிலும், அப்படித்தான். செம்பூர், முலுண்ட் அடுக்குமாடிகளில் அடுத்த கட்டடத்துச் சுவரைப் பார்த்தபடி இருக்கும் சமையலறைகளிலும் அப்படித்தான். இட்லி அவிக்க விடியுமுன்னே எழுந்து போட்ட விளக்கு இரவு படுக்கும்போதுதான் அணையும். விளக்கு ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் எரியும் என்று வைத்துப் போடும் கணக்கெல்லாம் ஜன்னல் உள்ள வீட்டுக்காரர்களுக்கான கணக்கு.

அதனால்தான் எல்இடி விளக்கின் பலனை மும்பையில் இருக்கும் நம் மக்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். வெளிச்சம் குறைந்த வீட்டில்தான் விளக்கு அதிக நேரம் எரிகிறது. அதிக நேரம் எரியும் இடத்தில்தான் நல்ல விளக்குக்கும் மோசமான விளக்குக்கும் உள்ள வித்தியாசம் பணமாகவும் சூடாகவும் கண்வலியாகவும் வெளியே தெரிகிறது. கடையில் விளக்கு வாங்கும்போது நாம் வாங்குவது வெளிச்சம். மின்சாரம், அந்த வெளிச்சத்துக்கு மாதாமாதம் கொடுக்கும் விலை. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகிவிட்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரிந்துவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது?

பழைய குண்டு பல்பில் இருப்பது ஒரு டங்ஸ்டன் இழை. மின்சாரம் அதன் வழியே பாயும்போது இழை 2,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது. அவ்வளவு சூடான எந்தப் பொருளும் ஒளிவிடும். அதாவது குண்டு பல்பு முதலில் ஓர் அடுப்பு. வெளிச்சம் அதோடு சேர்ந்து வருவது. உள்ளே போகும் மின்சாரத்தில் 100-க்கு 5 பங்கு அளவுதான் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகிறது, மீதியெல்லாம் சூடு.

டியூப்லைட்டும், அதையே சின்னதாக வளைத்துச் செய்த சிஎஃப்எல் பல்பும் வேறு வழியில் வேலை செய்கின்றன. குழாய்க்குள் இருக்கும் பாதரச ஆவி புற ஊதாக் கதிரை வெளியிடும்; குழாயின் உட்புறம் பூசிய வெள்ளைப் பொடி அதை வாங்கி வெளிச்சமாக மாற்றித் தரும். குண்டு பல்பைவிட இது நான்கைந்து மடங்கு சிக்கனம். ஆனால் பாதரசம் என்ற நஞ்சு கூடவே வருகிறது.

எல்இடியில் இழையும் இல்லை, வாயுவும் இல்லை. அது ஒரு டயோடு, இரண்டு வகைக் குறைகடத்திகளை ஒட்டி வைத்த சின்னத் துண்டு. ஒரு பக்கத்தில் எலக்ட்ரான்கள் கூடுதலாக இருக்கும். மறுபக்கத்தில் எலக்ட்ரான் இருக்க வேண்டிய இடங்கள் காலியாக இருக்கும். மின்சாரம் பாயும்போது எலக்ட்ரான்கள் எல்லையைத் தாண்டி வந்து அந்தக் காலியிடங்களில் விழுகின்றன. விழும்போது தங்களிடம் மிஞ்சிய ஆற்றலை ஒளியாக விட்டுவிடுகின்றன. பரணிலிருந்து தரைக்குக் குதிக்கும் பையனை நினைத்துக்கொள்ளுங்கள்: பரண் உயரமாக இருந்தால் தரை அதிரும், தாழ்வாக இருந்தால் அவ்வளவு அதிராது. எலக்ட்ரான் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பதைப் பொறுத்து ஒளியின் நிறம் அமைகிறது. உயரம் குறைவென்றால் சிவப்பு, கூடினால் பச்சை, இன்னும் கூடினால் நீலம். அந்த உயரத்தைத் தீர்மானிப்பது, டயோடு எந்தப் பொருளால் ஆனது என்பதுதான்.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் எல்இடியை அமெரிக்காவில் நிக் ஹொலோனியாக் 1962-இல் செய்துகாட்டினார். பச்சையும் பின்னால் வந்தது. நீலம் மட்டும் முப்பது வருடம் போல இழுத்தடித்தது. நீலம் கிடைக்காதவரை வெள்ளை கிடையாது, வெள்ளை இல்லாமல் வீட்டு விளக்கு கிடையாது. அதனால்தான் வெகுகாலம் எல்இடி என்றால் ரேடியோவிலும் டிவியிலும் மின்னும் சிவப்புப் புள்ளி என்றே இருந்தது. ஜப்பானைச் சேர்ந்த இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நாகமுரா ஆகியோர் காலியம் நைட்ரைடு என்ற பொருளைப் பல வருடம் பாடுபட்டுப் பக்குவப்படுத்தி, 1990-களின் தொடக்கத்தில் பிரகாசமான நீல எல்இடியைக் கொண்டுவந்தார்கள். 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு இந்த மூவருக்கும் கிடைத்தது. வீட்டுக்கு வீடு பயன்படுகிற ஒரு பொருளுக்காகக் கொடுக்கப்பட்ட நோபல் அது. எனக்கு அதில் தனி சந்தோஷம் உண்டு.

இன்று நம் வீட்டில் எரியும் வெள்ளை எல்இடிக்குள் இருப்பதும் நீல எல்இடிதான். அணைந்திருக்கும்போது சில விளக்குகளில் மஞ்சள் சதுரங்களாகத் தெரிகிறதே, அது அதன்மேல் பூசியிருக்கும் பாஸ்பர். நீல ஒளியில் ஒரு பகுதியை அது மஞ்சளாக மாற்றுகிறது. நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. பாஸ்பரின் கலவையை மாற்றினால் வெள்ளையின் சாயலும் மாறும். இதைப் பின்னால் பார்ப்போம்.

வாட் என்பது செலவு, லூமன் என்பது வெளிச்சம்

"நூறு வாட் பல்பு கொடுங்க" என்று கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். அப்போது அது சரிதான். எல்லாமே குண்டு பல்பாக இருந்த காலத்தில் வாட் கூடினால் வெளிச்சமும் கூடும். இப்போது அந்த அளவுகோல் உதவாது. 60 வாட் குண்டு பல்பு சுமார் 700 லூமன் வெளிச்சம் தரும். அதே வெளிச்சத்தை 14, 15 வாட் சிஎஃப்எல்லும் தரும். 9 வாட் எல்இடி 800 முதல் 900 லூமன் வரை தந்துவிடும். லூமன் என்பது விளக்கிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். முதலில் அதைத் தேடுங்கள். லூமனை வாட்டால் வகுத்தால் வருவது அந்த விளக்கின் சிக்கனம். நல்ல எல்இடியில் ஒரு வாட்டுக்கு 100 லூமனாவது வரவேண்டும். அதே 9 வாட்டில் ஒன்று 700 லூமனும் இன்னொன்று 900 லூமனும் தந்தால், இரண்டாவதற்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதில் தப்பில்லை.

இப்போது பணத்தைப் பார்ப்போம். 1,000 வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். தாராவி வீட்டில் ஒரு டியூப்லைட் நாளைக்கு 15 மணி நேரம் எரிகிறது என்று வையுங்கள். பழைய 36 வாட் டியூப் என்றாலும் செம்புச் சோக்கு எடுத்துக்கொள்வதையும் சேர்த்தால் ஏறக்குறைய 50 வாட் ஆகிவிடும். மாதத்துக்கு 22.5 யூனிட். அதற்குப் பதிலாக 20 வாட் எல்இடி பேட்டன் (டியூப்லைட் போலவே நீளமாக, பட்டியோடு சேர்ந்து வரும் விளக்கு) மாட்டினால் 9 யூனிட். மிச்சம் 13.5 யூனிட். ஒரு யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 108 ரூபாய். பேட்டன் 250 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் மூன்று மாதத்துக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். குண்டு பல்பு எரியும் வீடாக இருந்தால் இன்னும் வேகம்: 60 வாட் பல்பு 15 மணி நேரக் கணக்கில் மாதம் 27 யூனிட், 9 வாட் எல்இடி 4 யூனிட்டுக்குச் சற்று மேல்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. தீவு நகரத்தில் பெஸ்ட், புறநகரில் அதானி அல்லது டாடா என்று மின்சாரம் யாரிடமிருந்து வந்தாலும், வீட்டுக் கட்டணம் படிக்கட்டாகத்தான் ஏறுகிறது. முதல் 100 யூனிட்டுக்கு ஒரு விலை, 101 முதல் 300 வரை அதைவிடக் கூடுதல், அதற்குமேல் இன்னும் கூடுதல். நாம் மிச்சம் பிடிக்கும் யூனிட் மேல்படியிலிருந்துதான் குறைகிறது. அதாவது பில்லில் இருப்பதிலேயே விலை கூடிய யூனிட்டுகள்தான் முதலில் போகின்றன. 110 யூனிட் வருகிற வீடு 96-க்கு இறங்கினால் கிடைக்கும் நிம்மதி, சராசரி விலையை வைத்துப் போடும் கணக்கில் முழுசாகத் தெரியாது.

சரி, எல்லா வீட்டிலும் இப்படிப் பில் குறையுமா? குறையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஏசியும் கீசரும் ஓடும் வீட்டில் விளக்கின் பங்கு சின்னது. அங்கே பழைய 75 வாட் மின்விசிறியை 28 வாட்டில் ஓடும் பிஎல்டிசி என்ற புதுவகை மோட்டார் விசிறியாக மாற்றுவது விளக்கை மாற்றுவதைவிட அதிகம் மிச்சம் தரலாம். ஏற்கெனவே சிஎஃப்எல் எரியும் இடத்தில் 15 வாட்டிலிருந்து 9 வாட்டுக்கு இறங்கினால், ஐந்து மணி நேரப் பயன்பாட்டில் மாதத்துக்கு ஒரு யூனிட்கூட மிஞ்சாது. "எல்இடி போட்டேன், பில் குறையவே இல்லை" என்று வருத்தப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வகையில்தான் வருவார்கள்.

பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சூடு. மூடிய அறைக்குள் செலவாகும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் அந்த அறையின் சூடாகத்தான் முடிகிறது. வெளிச்சமும்கூடச் சுவரில் பட்டுச் சூடாகிவிடும். பத்துக்குப் பத்து அறை, மேலே தகரக் கூரை, மே மாதம், உள்ளே மூன்று 60 வாட் குண்டு பல்பு என்றால் 180 வாட் அடுப்பு நாள்முழுக்க எரிவதற்குச் சமம். அவையே 9 வாட் எல்இடியாக இருந்தால் 27 வாட். தையல் பட்டறையிலோ தோல் பட்டறையிலோ விளக்குக்கு அடியிலேயே பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் தலைக்குமேல் நேரடியாகத் தெரியும்.

இந்த விளக்குகள் நம் கைக்கு எட்டும் விலைக்கு வந்ததில், மலிவு விலையில் எல்இடி பல்பு கொடுத்த உஜாலா திட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2015 ஜனவரி 5 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தில், மத்திய அரசின் ஈஈஎஸ்எல் நிறுவனம் கோடிக்கணக்கில் பல்புகளை மொத்தமாக ஒப்பந்தம் பேசி வாங்கியது. 2014-இல் ஒரு பல்புக்கு 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. நாடு முழுக்க 36 கோடிக்கு மேல் பல்புகள் போயின. பெஸ்ட் பில்லைக் காட்டி வரிசையில் நின்று வாங்கியது இன்னும் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

அரசுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்டால், பதில் சாயங்காலம் ஏழு மணியில் இருக்கிறது. அந்த நேரத்தில்தான் ஊரே ஒரே சமயத்தில் விளக்குப் போடுகிறது. அந்த உச்ச நேரத்துக்கு ஈடுகொடுக்கவும் மின்நிலையங்களைக் கட்டிவைக்க வேண்டியிருக்கிறது. செம்பூர்க்காரர்களுக்கு டிராம்பே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியைப் பற்றி யாரும் சொல்லித் தரவேண்டாம். இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ அளவில் கரியமில வாயு வெளியேறுகிறது. மாதம் 13.5 யூனிட் குறைத்த அந்த ஒரு டியூப்லைட், வருடத்துக்கு 110 கிலோவுக்கு மேல் குறைக்கிறது. அந்தக் காற்றைச் சுவாசிப்பவர்களும் நாம்தானே.

மஞ்சளா, வெள்ளையா?

கடைக்காரர் அடுத்துக் கேட்கும் கேள்வி இது. வெள்ளையின் சாயலைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். 2,700, 3,000 கெல்வின் என்றால் குண்டு பல்பின் மஞ்சள், பெட்டியில் வார்ம் ஒயிட் என்று இருக்கும். 4,000 நடுத்தரம். 6,500 கெல்வின் நீலம் கலந்த பளிச்சென்ற வெள்ளை, கூல் டேலைட். எண் கூடக் கூட வெளிச்சம் கூடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கெல்வினுக்கும் வெளிச்சத்தின் அளவுக்கும் தொடர்பில்லை. அது சாயல் மட்டும்தான்.

மும்பை இந்தப் பாடத்தை ஊரறியப் படித்தது. மரைன் டிரைவ் கடற்கரைச் சாலையின் வளைவில் முன்பெல்லாம் சோடியம் விளக்குகள் பொன்மஞ்சளாக எரியும். இரவில் மலபார் ஹில்லிலிருந்து பார்த்தால் மாலைபோலத் தெரிவதால்தான் அதற்கு ராணியின் கழுத்தணி என்று பெயர். 2015-இல் அவற்றை எடுத்துவிட்டு வெள்ளை எல்இடிகளைப் போட்டார்கள். மின்சாரம் மிச்சம்தான், ஆனால் கழுத்தணி காணாமல் போய்விட்டது என்று ஊரே கொதித்தது. விஷயம் மும்பை உயர் நீதிமன்றம்வரை போனது. பின்னர் மஞ்சள் சாயல் உள்ள எல்இடிகள் வந்தன. எல்இடி என்றாலே கண்ணைக் கூசும் வெள்ளை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். சிக்கனத்துக்காகச் சாயலை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, கேட்டு வாங்கினால் போதும்.

வீட்டில் என் யோசனை இதுதான். சமையலறைக்கும் படிக்கும் இடத்துக்கும் 4,000 அல்லது 6,500. படுக்கும் இடத்திலும் சாமி மாடத்திலும் 3,000-க்குள். நீலம் அதிகமான ஒளி இரவில் மூளைக்கு இன்னும் பகல் என்று சொல்லும், தூக்கத்தைக் கூட்டிவரும் மெலடோனின் சுரப்பதைத் தள்ளிப்போடும். ஒரே அறையில்தான் சமையலும் படிப்பும் படுக்கையும் என்றால், ஒரு வெள்ளை பேட்டனும் ஒரு சின்ன 5 வாட் மஞ்சள் பல்பும் தனித்தனி ஸ்விட்சில் இருக்கட்டும். ராத்திரி ஒன்பதுக்குமேல் மஞ்சளை மட்டும் போடலாம்.

நிறத்தை வைத்துத் தொழில் செய்பவர்களுக்கு இன்னொரு எண் வேண்டும்: சிஆர்ஐ. ஒரு விளக்கின் கீழ் பொருளின் நிறம் எவ்வளவு உண்மையாகத் தெரிகிறது என்பதை அது 100-க்கு இத்தனை என்று சொல்கிறது. வீட்டுக்கு 80 போதும். புடவைக் கடை, தையல், பூ வியாபாரம் என்றால் 90-க்கு மேல் தேடி வாங்க வேண்டும். மலிவான எல்இடியில் குறிப்பாகச் சிவப்பு செத்துப்போகும். மாட்டுங்காவில் பட்டுப்புடவை எடுப்பவர்கள் அரக்கு நிறத்தை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறார்களே, அவர்கள் செய்வது மிகச் சரி.

விளக்கை எங்கே வைக்கிறோம்?

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, எல்லாரும் வாட்டைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். 100 சதுர அடி என்பது ஏறக்குறைய 9.3 சதுர மீட்டர். 2,000 லூமன் பேட்டன் ஒன்றை மாட்டினால் சதுர மீட்டருக்கு 215 லூமன் வருகிறது. சதுர மீட்டருக்கு ஒரு லூமன் என்பதைத்தான் ஒரு லக்ஸ் என்கிறார்கள். ஆனால் சுவரும் கூரையும் சாமான்களும் உறிஞ்சியது போக மேசைக்கு வந்துசேர்வது பாதி என்றே வையுங்கள். நடமாட அது தாராளம். படிக்க, எழுத 300 முதல் 500 லக்ஸ் வேண்டும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தைக்க அதற்கும் மேலே வேண்டும்.

இதற்காகக் கூரையில் இன்னும் இரண்டு பேட்டன் மாட்டுவது வீண். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும் என்பது இயற்கை விதி. 400 லூமன் தரும் ஒரு 5 வாட் விளக்கை வேலை செய்யும் இடத்துக்கு அரை மீட்டர் உயரத்தில், வெளிச்சம் கீழ்நோக்கி விழும்படி தொங்கவிட்டால், அதற்கு நேர் கீழே ஏறக்குறைய 500 லக்ஸ் கிடைத்துவிடும். தையல் மெஷினில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் குட்டி எல்இடி விளக்குகள் கடைகளில் கிடைக்கின்றன. ஊசி முனையில் வெளிச்சம், நிழல் விழாது, கை சுடாது. எல்இடியின் உண்மையான பலன் இங்கேதான் தெரிகிறது என்பேன். குண்டு பல்பை முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு யாராலும் வேலை செய்ய முடியாது. பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கும் இதே வழிதான். அறை முழுக்க வெளிச்சத்தைக் கொட்டுவதைவிடப் புத்தகத்தின்மேல் கொட்டுவது நல்லது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் விளக்கு வாங்குவதில் பாதி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இருபத்தைந்தாயிரம் மணி நேரம் என்கிறார்களே?

பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருக்கும். 15 மணி நேரக் கணக்கில் அது நாலரை வருடம். எல்இடி பொதுவாகப் பட்டென்று சாவதில்லை, மெல்ல மெல்ல மங்கும். புதிதில் இருந்த வெளிச்சத்தில் 70 சதவீதத்துக்கு இறங்கும்வரைதான் அதன் ஆயுளாகக் கணக்கிடுகிறார்கள். அப்படியென்றால் ஆறு மாதத்தில் அணைந்துபோகும் பல்புகளுக்கு என்ன ஆகிறது?

பெரும்பாலும் போவது எல்இடி அல்ல, அதன் டிரைவர். வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். எல்இடிக்கு வேண்டியது குறைந்த அளவில் ஒரே திசையில் சீராகப் பாயும் மின்சாரம். நடுவிலிருந்து மாற்றித் தரும் சின்ன மின்சுற்றுதான் டிரைவர், பல்பின் கழுத்துக்குள் உட்கார்ந்திருக்கும். அதிலுள்ள கெப்பாசிட்டருக்குச் சூடுதான் எதிரி. பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுக்காரர்களின் பொதுக்கணக்கு. எல்இடி முன்பக்கம் சூட்டைக் கொட்டாது. பின்பக்கம் கழுத்து வழியாகத்தான் அதை வெளியேற்றும். எனவே நாலுபுறமும் மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள்ளும் பொய்க்கூரைப் பொந்துக்குள்ளும் சாதாரண எல்இடி பல்பைப் போட்டால் சீக்கிரம் போய்விடும். கழுத்துக்குக் காற்றுப் படவேண்டும்.

செத்த பல்பின் மூடியைக் கழற்றினால், பலமுறை ஒரே ஒரு சதுரத்தின் நடுவில் மட்டும் கறுப்புப் புள்ளி தெரியும். எல்இடிகள் வரிசையாகக் கோர்த்திருப்பதால் ஒன்று போனால் மொத்தமும் போகும். அந்தப் புள்ளியை ஈயத்தால் பாலம் போட்டு எரியவைத்துத் தருபவர்கள் உண்டு. அது எதனால் கருகியதோ அந்தச் சூடு அப்படியே இருப்பதால் அடுத்ததும் போகும். மூடி இல்லாமல் எரியும் பல்பைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த வேலையே வேண்டாம்.

லோஹார் சாலுக்குப் போனால்

கிராஃபர்ட் மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் லோஹார் சால், மும்பையின் மின்சாதன மொத்தச் சந்தை. விலை குறைவு, பெயர் போடாத சரக்கும் தாராளம். அங்கே வாங்கினாலும் தெருமுனைக் கடையில் வாங்கினாலும் பெட்டியில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் முத்திரையும் ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். பிறகு மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர முத்திரை, லூமன், கெல்வின், வாரண்டி. வாரண்டி உள்ள பல்புக்குப் பில் கேட்டு வாங்கி, அதைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள். அந்தத் தாளில் எழுத்து சில மாதத்தில் மறைந்துவிடும், பல்பு போவது அதற்குப் பிறகுதான்.

கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. எரியும் விளக்கைப் போன் கேமராவில் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்த விளக்கு துடிக்கிறது என்று அர்த்தம். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்பதால், மட்டமான டிரைவர் உள்ள பல்பு நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். கண்ணுக்கு நேராகத் தெரியாவிட்டாலும் சிலருக்குத் தலைவலி வரும். பட்டறையில் இது ஆபத்தும்கூட: சுழலும் சக்கரம் நிற்பதுபோலவோ மெதுவாகச் சுற்றுவதுபோலவோ கண்ணுக்குத் தோன்றலாம். மெஷின் ஓடும் இடத்தில் துடிக்கும் விளக்கை ஒருநாளும் போடாதீர்கள்.

பழைய சால்களில் எல்இடி போட்டவுடன் வரும் புகார் ஒன்று: "ஸ்விட்சை அணைத்தபிறகும் லேசாக எரிகிறது." பேயெல்லாம் இல்லை. பல வருடத்துக்குமுன் வயரிங் செய்தவர், ஸ்விட்சை மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியில் வைக்காமல், திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியில் வைத்திருப்பார். அல்லது ஸ்விட்சில் ஒரு குட்டி இண்டிகேட்டர் விளக்கு இருக்கும். இரண்டிலுமே அணைத்தபிறகும் துளியூண்டு மின்சாரம் கசியும். குண்டு பல்புக்கு அது உறைக்கவே உறைக்காது, எல்இடிக்கு மினுங்க அதுவே போதும். நியூட்ரலில் ஸ்விட்ச் இருந்தால் அணைத்திருக்கும்போதும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கிறது என்று பொருள். பல்பு மாற்றக் கைவைத்தால் ஆபத்து. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிடுங்கள். எல்இடி உங்களுக்குக் காட்டிக்கொடுத்த பழைய தப்பு அது.

பழைய டியூப்லைட் பட்டியிலேயே எல்இடி டியூபை மாட்டலாமா என்று கேட்பார்கள். மாட்டலாம், ஆனால் வகைக்கு வகை வயரிங் மாறும். பலவற்றில் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் எடுத்துவிட்டு நேராக இணைப்புக் கொடுக்க வேண்டும். சோக்கு அப்படியே இருந்தால் அது தன் பங்குக்கு மின்சாரத்தைத் தின்றுகொண்டிருக்கும். பட்டியோடு சேர்ந்து வரும் பேட்டனை வாங்கிவிடுவது மேல். பழைய டிம்மர் உள்ள இடத்தில் சாதாரண எல்இடி மினுமினுக்கும், டிம்மருக்கு ஏற்றது என்று பெட்டியில் போட்டதைத்தான் வாங்கவேண்டும்.

மும்பையில் கரண்ட் போவது அபூர்வம், அதனால் போகும்போது கையில் ஒன்றுமே இருப்பதில்லை. 2020 அக்டோபர் 12 அன்று நகரமே மணிக்கணக்கில் இருண்டு கிடந்தபோது அதைப் பார்த்தோம். உள்ளே பேட்டரி வைத்த இன்வர்ட்டர் எல்இடி பல்பு ஒன்றைச் சமையலறையில் மாட்டிவையுங்கள். மற்ற நாளில் சாதாரண பல்புபோல எரியும், கரண்ட் போனால் தானாகவே பேட்டரியில் சில மணி நேரம் ஓடும். எல்இடிக்கு மின்சாரம் கொஞ்சம் போதும் என்பதால்தான் பல்பின் கழுத்துக்குள்ளேயே பேட்டரியை அடக்க முடிந்தது.

எதை முதலில் மாற்றுவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக் காசு செலவழிக்க வேண்டாம். அதிக நேரம் எரிவது எதுவோ அதை முதலில் மாற்றுங்கள். வீட்டில் அது பெரும்பாலும் சமையலறை. சாலில் மாடிப்படியும் பொது நடையும். அவை ராப்பகலாக எரியும், காசு எல்லார் தலையிலும் பிரிந்து விழும் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. சொசைட்டிக் கூட்டத்தில் முதல் ஆளாக நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். நாளைக்குப் பத்து நிமிடம் எரியும் குளியலறை பல்பு தானாகப் போகும்வரை இருக்கட்டும்.

கழற்றிய டியூப்லைட்டையும் சிஎஃப்எல்லையும் குப்பைத் தொட்டியில் வீசிவிடாதீர்கள். தாராவியில் குப்பையைக் கையால் பிரித்துப் பிழைக்கும் மனிதர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், உடைந்த குழாயிலிருந்து வரும் பாதரச ஆவி அவர்கள் மூக்கில்தான் ஏறும். புது விளக்கு வந்த அட்டைப் பெட்டியிலேயே பழையதை உடையாமல் வைத்துக் கட்டி, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். தவறி வீட்டுக்குள் உடைந்தால் கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் எல்லாரும் வெளியே இருங்கள். பிறகு துடைப்பத்தால் கூட்டாமல், கெட்டி அட்டையால் சில்லுகளை அள்ளி, பொடியை ஈரக் காகிதத்தால் ஒற்றியெடுத்து, எல்லாவற்றையும் ஒரு மூடியுள்ள டப்பாவில் போட்டு அதே இடத்தில் சேர்த்துவிடுங்கள்.